18,000 ரூபாய்க்கு ஒரு பல்பு!

"ரிப்போர்ட்டோட வேணுமா சார், ரிப்போர்ட் இல்லாமலா?"

ஏதோ டிபன் கடையில், 'சாம்பாரை மேல ஊத்தவா, தனியா வைக்கவா?' என்று கேட்கிற தொனியில் கேட்டார் அந்த இளைஞர். சென்னையில் ஒரு சந்தில், மாடிப்படி ஏறியதும் பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசையாக 'கண்டுபிடிப்புகள்'. தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி, பார்வையற்றோருக்கான கைத்தடி, குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாத கார்... எல்லாவற்றிலும் விலைச் சீட்டு!

பக்கத்தில் என் அக்கா பையன் நெளிந்துகொண்டு நின்றான். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங், கடைசி வருஷம். நாலு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். செய்ய வேண்டாம், வாங்கினால் போதும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சும் கருவி 18,000 ரூபாய். ஆளுக்கு 4,500. ரிப்போர்ட் அச்சடித்து, பைண்டு பண்ணித் தருவார்கள். "வைவாவுல என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு ஒரு பேப்பரும் தர்றோம் சார். இதுவரைக்கும் யாரும் ஃபெயில் ஆனதில்லை" என்றார் இளைஞர் பெருமையாக.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ், ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவது மட்டும்தான். அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாயை மூடியது என் தப்பு. அந்தத் தப்புக்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கட்டுரை.

கதை அதோடு முடியவில்லை. ப்ராஜெக்டுக்கு 'எக்ஸலென்ட்' போட்டார்கள். பையன் முதல் வகுப்பில் தேறினான். நாலு மாதம் கழித்து ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. கேள்வி எதுவும் கேட்காமல், மேஜை மேல் ஒரு வெள்ளைப் பலகை, ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., இரண்டு ஒயர் வைத்து, "இதை எரிய வைங்க தம்பி" என்றிருக்கிறார்கள்.

எரியவில்லை.

"எல்.இ.டி.யோட ரெண்டு காலையும் ஒரே வரிசையில குத்திட்டேன் மாமா" என்றான் வீட்டுக்கு வந்து. எனக்குப் புரியவில்லை. குத்தினால் என்ன? "அந்த வரிசையில இருக்கிற அஞ்சு ஓட்டையும் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும் மாமா. அது எனக்கு மறந்துபோச்சு." கொஞ்ச நேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு, "மறக்கல. தெரியாது" என்றான்.

நாலு வருஷம். எட்டு செமஸ்டர். எத்தனை லட்சம் ஃபீஸ் என்று உங்கள் வீட்டிலும் கணக்கு இருக்கும். அத்தனைக்கும் பிறகு ஒரு மின்பொறியாளருக்கு ஒரு சின்ன விளக்கை எரியவைக்கத் தெரியவில்லை. நாம் வாங்கியது ப்ராஜெக்ட் இல்லை சார், பல்பு!

அந்த வெள்ளைப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயர் பிரெட்போர்டு. ரேடியோ புதிதாக வந்த காலத்தில், வெளிநாடுகளில் ரேடியோப் பித்துப் பிடித்தவர்கள் சமையலறையில் ரொட்டி நறுக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி ஒயர் சுற்றித் தங்கள் சர்க்யூட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. நம்மூரில் தொடங்கியிருந்தால் சப்பாத்திப் பலகை என்றுதான் பெயர் வந்திருக்கும்.

இப்போது இருப்பது பிளாஸ்டிக். முழு அளவுப் பலகையில் 830 ஓட்டைகள், பாதி அளவில் 400. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நடுவில் ஒரு வாய்க்கால். அதற்கு இந்தப் பக்கம் ஐந்து ஓட்டை, அந்தப் பக்கம் ஐந்து ஓட்டை. ஐந்தையும் அடியில் ஓர் உலோக கிளிப் இணைக்கிறது. வாய்க்காலைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஐ.சி. என்கிற கறுப்புப் பூச்சியை அந்த வாய்க்காலின் குறுக்கே கால் பரப்பி உட்கார வைக்கலாம். இரண்டு ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் கோடுகள் பேட்டரியின் பிளஸ், மைனஸுக்கு.

அவ்வளவுதான் விஷயம். சால்டரிங் வேண்டாம், ஈயப் புகை வேண்டாம். குத்து, பார், பிடுங்கு, மறுபடி குத்து. ஒரு சர்க்யூட்டைத் தப்பாகப் போட்டால் கலைத்துவிட்டு மறுபடி போடலாம். நூறு தடவை தப்புப் பண்ணினாலும் பலகைக்குக் கோபம் வராது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு இடம் வேறு எங்கேயாவது இருக்கிறதா? பள்ளியில்? கல்லூரியில்? (வீட்டில்?)

அடுத்த சனிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். ஞாயிறு போனால் ஷட்டரைத்தான் பார்க்கலாம். கூட்டம், பைக், பார்சல் தூக்குகிற ஆட்கள், கையைப் பிடித்து இழுக்காத குறையாக "என்ன சார் வேணும், சி.சி.டி.வி.யா, லேப்டாப்பா?" எனக்கு வேண்டியது வெள்ளைப் பலகை என்றதும் முகம் சுருங்கி, உள்ளே கை காட்டினார்கள். பெரிய போர்டு பலகைகள் தொங்கும் கடைகளைத் தாண்டி, குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கிவைத்த ஒடுக்கமான கடைகளில்தான் இந்தச் சமாச்சாரம் கிடைக்கிறது. எங்கள் பில்: பலகை 90 ரூபாய். ஒயர் ஒரு கட்டு 60. 555 ஐ.சி. இரண்டு, 20. எல்.இ.டி., ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் சேர்த்து 25. ஒன்பது வோல்ட் பேட்டரியும் கிளிப்பும் 40. மொத்தம் 235. விலை கடைக்குக் கடை மாறும்.

கடைக்காரர் ஒரு பெரியவர். பலகையை எடுத்ததும், "அப்படியே பையில போடாதீங்க. ஒயரைக் குத்திப் பாருங்க" என்றார். குத்தினால் லேசாகக் கவ்விப் பிடிக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் பார்த்தால் போதாது, நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு தடித்த கால் உள்ள சாமான்களை அமுக்கித் திணிக்கக் கூடாது. கிளிப் அகன்றுவிடும், அப்புறம் மெல்லிய கால் நிற்காது. ஒயர் தீர்ந்தால் மறுபடி காசு செலவு செய்ய வேண்டாம், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் விட்டுப்போன கேபிள் துண்டை உரித்தால் உள்ளே எட்டு ஒயர். ஒற்றைக் கம்பியாக இருந்தால் கச்சிதமாகப் பொருந்தும். அப்புறம், ரொம்ப முக்கியமாக: "வீட்டு கரண்ட்டு 230 வோல்ட்டை இதுல கொண்டாந்துறாதீங்க. பேட்டரி மட்டும்தான்." ஐந்து நிமிடம். ஒரு செமஸ்டர் பாடம். ஃபீஸ் கிடையாது.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். விளக்கு தானாக மின்னி மின்னி அணைகிற சர்க்யூட். அதற்கு உயிர் அந்த 555 ஐ.சி. ஹான்ஸ் கேமன்சிண்ட் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் அமெரிக்காவில் 1971-ல் வடிவமைத்தது. 1972-ல் கடைக்கு வந்தது, இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் அவர் போட்ட வடிவத்துக்கு ஒன்பது கால் தேவைப்பட்டதாம். எல்லாரும் பார்த்து 'சரி' சொன்ன பிறகும் விடாமல் யோசித்து, ஒரு பகுதியைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு சாதாரண ரெசிஸ்டரைப் போட்டு எட்டாகக் குறைத்தார். எட்டுக் கால் என்பதால் சின்ன, மலிவான கூட்டுக்குள் அடங்கியது. பாஸ் மார்க் வாங்கிய விடையை அடித்துவிட்டு மறுபடி எழுதிய மனிதர்!

நானும் நிறைய அடித்து எழுத வேண்டியிருந்தது. முதல் தப்பு: ஐ.சி.யைத் தலைகீழாகக் குத்தினேன். ஒரு முனையில் பிறை மாதிரி வெட்டு இருக்கும், அதுதான் தலை. நான் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்தால் சுடச்சுட இட்லி. பத்து ரூபாய் காலி. இரண்டாவது தப்பு: எல்.இ.டி.யின் நீளக் கால்தான் பிளஸ். மாற்றிக் குத்தியிருந்தேன். மூன்றாவதுதான் உயிரை எடுத்தது. எல்லாம் சரி, ஆனாலும் விளக்கு எரியவில்லை. ஒன்றரை மணி நேரம்! பையன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கைவைக்கவில்லை. கடைசியில் பொறுக்காமல் மல்டிமீட்டரை எடுத்து ஓரக் கோட்டில் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டுக்கொண்டே போனான். பாதி தூரம் வரை ஒன்பது வோல்ட். அதற்கு மேல் சைபர்.

"மாமா! இந்தக் கோடு நடுவுல கட் ஆயிருக்கு!"

சில பலகைகளில் ஓரக் கோடு நடுவில் துண்டாகியிருக்கும், அது டிசைனே அப்படித்தான். ஒரு குட்டி ஒயரால் பாலம் போட்டான். விளக்கு மின்னியது. நொடிக்கு ஒன்றரைத் தடவை. 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு 100 போட்டான். ஆறரை நொடிக்கு ஒரு தடவை என்று நிதானமானது. ரெசிஸ்டரை மாற்றினான். வேகம் எடுத்தது. ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். "இரும்மா" என்றான். நாலு வருஷத்தில் அவன் பாடம் சம்பந்தமாக "இரும்மா" சொன்னது அதுதான் முதல் தடவை என்றாள் அக்கா.

இனிமேல்தான் என் சண்டை.

ப்ராஜெக்ட் விற்கிற அந்த இளைஞரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர் வியாபாரி. (சொல்லப்போனால் அந்த மாடி அறையில் பிரெட்போர்டைத் தொட்டு வேலை செய்கிற ஒரே ஆள் அவர்தான். படிப்பவனுக்குப் பதிலாக அவர் படித்துக்கொண்டிருக்கிறார்.) என் சண்டை, அவரிடம் வாங்கினால்தான் பாஸ் என்கிற நிலைமையை உண்டாக்கியவர்களோடு.

முதலில், கல்லூரிகள். 'ஒர்க்கிங் மாடல்' ஓடினால் மார்க், ஓடாவிட்டால் இல்லை என்று விதி வைத்தால் மாணவன் என்ன செய்வான்? ஓடுகிற ஒன்றை வாங்கி வருவான். ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்தவனுக்கு மார்க் உண்டா? கிடையாது. நான் செலவழித்த ஒன்றரை மணி நேரம் உங்கள் விதிப்படி பூஜ்யம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பெயர்தான் இன்ஜினீயரிங் என்று ஒரு பி.காம்.காரன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பள்ளிகள். நம் பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் லாஜிக் கேட் ஐ.சி.களைச் சோதிக்கிற பயிற்சி இருக்கிறது. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் அதை எப்படிச் செய்கிறார்கள்? எல்லா ஒயரும் ஏற்கெனவே உள்ளே இணைத்து ஆணி அடித்து மூடிய ஒரு பெட்டி. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். ரெகார்டு நோட்டில் 1, 0, 1 என்று எழுத வேண்டும். தப்பாகப் போகவே முடியாத பெட்டி. அதனால் எதுவும் புரியவே முடியாத பெட்டி. அடல் டிங்கரிங் லேப் என்று மத்திய அரசு 2016-ல் ஒரு நல்ல திட்டம் தொடங்கியது. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. 10,000 பள்ளிகளுக்குக் கொடுத்து, இன்னும் 50,000 வரும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கொண்டாட வேண்டிய விஷயம். ஆனால் அந்த ஆய்வகம் இருக்கிற இன்னொரு பள்ளிக்குப் போனபோது கதவில் பூட்டு. "இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திறப்போம் சார். பசங்க கை வச்சா உடைச்சிருவாங்க." எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடைக்கக் கூடாது என்றால் அது ஆய்வகம் இல்லை, நவராத்திரிக் கொலு.

மூன்றாவது, நீங்களும் நானும். 4,500 ரூபாயை முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்த நான், அவன் எட்டாவது படிக்கும்போது பழைய ரேடியோவைக் கழற்றியதற்குத் திட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். சிறுவயதில் ஒரு மோட்டார் பைக்கைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, கழற்றிக் கழற்றி மாட்டியே தொழில் கற்றார் என்பது ஊரறிந்த கதை. அவருக்குச் சிலை வைப்போம், பாலத்துக்குப் பேர் வைப்போம். நம் வீட்டில் ஒருத்தன் கழற்றினால், 'படிக்கிற வழியப் பாரு' என்போம்.

பதில் சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள் என்று தெரியும்.

'இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே சிமுலேஷன் பண்ணலாமே?' பண்ணலாம், பண்ண வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் தொளதொளத்த ஓட்டை கிடையாது, தீர்ந்துபோன பேட்டரி கிடையாது, நடுவில் துண்டான கோடு கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகு அவனைப் படுத்தப்போவது அவைதான்.

'இன்றைய சிப் எல்லாம் அரிசி மணி சைஸ். பிரெட்போர்டில் குத்தவே முடியாது.' உண்மை. அதற்காகவே கால் வைத்த குட்டி அடாப்டர் போர்டுகள் வந்துவிட்டன. வேகம் மிக அதிகமான சர்க்யூட்டுக்கும் அதிக கரண்ட்டுக்கும் இந்தப் பலகை லாயக்கில்லை என்பதும் உண்மை. சைக்கிளில் டெல்லிக்குப் போக முடியாது என்பதற்காகக் குழந்தைக்கு சைக்கிள் வாங்கித் தராமல் இருக்கிறோமா? பலகையில் சரியாக ஓடியதை டாட் போர்டில் சால்டர் செய்து நிரந்தரமாக்கலாம். அதற்கு அப்புறம் சொந்தமாக பி.சி.பி. அடிக்கலாம். படி ஏறுவதற்கு முதல் படி வேண்டாமா?

'எல்லாப் பிள்ளைக்கும் வாங்கித் தர அரசிடம் பணம் ஏது?' செமிகண்டக்டர் தொழிலுக்கென்று மத்திய அரசு 2021-ல் ஒப்புதல் கொடுத்த தொகை 76,000 கோடி ரூபாய். 2024-25 நிதியாண்டில் மின்னணு ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. நல்லது. அடுத்தவன் வரைந்து கொடுத்ததைப் பூட்டுகிற வேலையில் முதலிடம் வாங்கிவிட்டோம். வரையத் தெரிந்த பிள்ளை வேண்டுமென்றால் அவன் கையில் 90 ரூபாய்ப் பலகை இருந்தாக வேண்டும்.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: கடைசி வருஷ வைவாவில், மாணவன் கொண்டுவந்த பளபளப்பான பெட்டியை ஓரமாக வையுங்கள். காலிப் பலகை ஒன்றைக் கொடுத்து, 'உன் ப்ராஜெக்டில் ஏதாவது ஒரு பகுதியை இதில் போட்டுக் காட்டு' என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். அடுத்த வருஷமே மாடி அறைகள் காலியாகும்.

இரண்டு: ரிப்போர்ட்டில் 'எங்கே தப்பு நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன்' என்று ஓர் அத்தியாயம் கட்டாயமாக்குங்கள். அதற்கு மார்க் போடுங்கள். அந்த அத்தியாயத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கினால், ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வான்.

மூன்று: பள்ளி ஆய்வகத்தின் சாவியை ஆசிரியரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பலகையை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். பத்து ரூபாய் ஐ.சி. புகைந்தால் புகையட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. பிறந்தநாளுக்கு வாங்கித் தரும் ரிமோட் காரின் விலையில் மூன்று பலகை வாங்கலாம். வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் தப்புப் பண்ணுங்கள். அப்பா தப்புப் பண்ணுவதைப் பார்க்கிற சந்தோஷம் எந்தப் பிள்ளைக்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பி.காம். புத்தி, கணக்கை முடிக்காமல் விடாது. 18,000 ரூபாய்ச் செலவில் நாலு பிள்ளைகளுக்குக் கிடைத்த தப்புகள்: பூஜ்யம். ஐ.சி. ஒன்று எரிந்த வகையில் எனக்கு நஷ்டம் 10 ரூபாய், கிடைத்த தப்புகள்: மூன்று. மூன்றும் இனி ஆயுசுக்கும் மறக்காது.

அக்கா பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் நேர்முகம் இருக்கிறது. அந்த 18,000 ரூபாய்க் கருவி கல்லூரி அலமாரியில் இருக்கிறது. அதை இவர்கள் யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. "அதே மாதிரி ஒண்ணை நானே போடப்போறேன் மாமா" என்று நேற்று ராத்திரி பலகையோடு உட்கார்ந்திருந்தான். மண் ஈரம் பார்க்கிற பகுதி வேலை செய்யவில்லையாம்.

"ஏன்டா?" என்றேன்.

"தெரியலை. கண்டுபிடிச்சிருவேன்" என்றான்.